இம்பிராவிலிருந்து மரிம்பாவுக்கு

ஆபிரிக்காவின் தென்பகுதியிலுள்ள சிம்பாப்வே நாட்டிலே, ஷோனா மக்களின் உயிரோடு ஒன்றிய வாத்தியம் இம்பிரா. மரப்பலகையொன்றிலே இருபதுக்கு மேற்பட்ட இரும்பு நாக்குகளைப் பொருத்தி, அதனைப் பெரிய சுரைக்குடுக்கையினுள் அமைத்து, இரு கட்டைவிரல்களாலும் வலக்கைச் சுட்டுவிரலாலும் வாசிப்பர். இராமுழுதும் நிகழும் 'பீரா' என்னும் சடங்கிலே முன்னோரின் ஆவிகளை அழைப்பது இவ்விசையே.

மரச்சட்டங்களைக் கோலால் அடித்து வாசிக்கும் இன்றைய சிம்பாப்வே மரிம்பா, 1960களில் புலவாயோ நகரின் குவானொங்கோமா இசைக் கல்லூரியிலே உருப்பெற்றது. ஷோனா, இண்டெபெலே ஆகிய இரு சமூகத்தாருள் எவருக்கும் தனியுரிமையாகாத வாத்தியமாதலால், அது எல்லோருக்கும் பொதுவாயிற்று. அக்கல்லூரியிற் பயின்ற துமிசானி மராயிரே 1968இல் அமெரிக்காவின் சியாற்றில் நகருக்குச் சென்று கற்பிக்கவே, அங்கும் மரிம்பாக் குழுக்கள் பெருகின.

இம்பிரா இசையை இக்குழுவுக்கு அமைப்பது எவ்வாறு? இம்பிராவின் தாழ்ந்த சுரங்களைப் பெரிய மரிம்பாவுக்கும், இடைச்சுரங்களை நடுத்தர மரிம்பாக்களுக்கும், உயர்சுரங்களைச் சிறியவற்றுக்கும் பகிர்ந்தளிப்பது முதற்படி. ஒருவரின் மூன்று விரல்கள் செய்த வேலையை இங்கே பலர் பகிர்ந்துகொள்கின்றனர்.

ஆயினும், சிக்கல் இதன் பின்னரே தோன்றுகிறது. இம்பிராவை இருவர் சேர்ந்து வாசிக்கும்போது, 'குஷவுரா' என்னும் முன்னடத்தும் பகுதியும் 'குட்சின்ஹிரா' என்னும் தொடரும் பகுதியும் ஒன்றன் இடைவெளியை மற்றொன்று நிரப்பும். அப்பின்னலிலிருந்து, இருவரில் எவருமே தனித்து வாசிக்காத புதிய மெட்டுகள் கேட்போர் செவியில் எழும். சிறிய மரிம்பாவுக்கு மெட்டையும் ஏனையவற்றுக்குப் பக்கவாத்தியத்தையும் கொடுத்துவிட்டால், இப்பின்னல் அறுந்துபோகும். ஒவ்வொரு பகுதியையும் குறைவுள்ளதாகவே விட்டு, நிறைவு கூட்டத்திலே பிறக்குமாறு அமைப்பதே முறை.

பல பாடல்களில் 12 துடிப்புகள் கொண்ட நான்கு பகுதிகள் சேர்ந்து, 48 துடிப்புகளாலான ஓர் ஆவர்த்தனம் ஆகும். அது எங்குத் தொடங்கி எங்கு முடிகிறதென வரையறுப்பது அரிது. ஹொஷோ எனும் கிலுகிலுப்பையே அனைவரையும் தாளத்திற் பிணைத்து நிற்கும்.

சுரங்களிலும் இழப்புண்டு. இம்பிராவின் சுருதி செய்பவருக்குச் செய்பவர் வேறுபடும். மரிம்பாவோ மேனாட்டுச் சுரவரிசையை ஒட்டியது. இரும்பின் நாதம் நீண்டு ஒலிக்கும். மரத்தின் நாதம் விரைவில் அடங்கும். சிப்பி அல்லது புட்டி மூடிகளால் இம்பிரா எழுப்பும் இரைச்சலை, மரிம்பாவின் ஒலிக்குழாயிலுள்ள துளையை மூடிய மெல்லிய சவ்வு ஒருவாறு ஈடுசெய்கிறது.

இம்பிராவைச் செய்து வாசிக்கும் கலையை 2020இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. முன்னோரை அழைத்த இசை பள்ளி மேடைக்கு வரும்போது சடங்கைக் கொண்டுவர இயலாது, பின்னலைக் கொண்டுவரலாம். அதற்கு, மரிம்பாவுக்கு இசையமைப்போர் முதலில் இம்பிராவைச் செவியாரக் கேட்டுப் பழகுதல் வேண்டும்.