கத்தி படக்கூடாத நீலம்

அம்பாசமுத்திரத்து வாசகி ஒருவர் நீலக்கல் ஒன்றின் படத்தை அனுப்பியிருக்கிறார். புனேயில் வாங்கியதாம். நகத்தால் கீறினால் கோடு விழவில்லை, கத்தி பட்டதும் உதிர்கிறது. அசலா, என்ன விலை பெறும் என்று கேட்கிறார். அம்மா, முதலில் கத்தியை எடுத்து வையுங்கள்.

வெள்ளை ஸ்டில்பைட் படிகங்களின் மேல் அடர்நீல உருண்டைகள்: புனேயை அடுத்த வாகோலி கல்குவாரிகளின் கேவன்சைட் என்றே தோன்றுகிறது. மோஸ் அளவில் இதன் கடினம் 3 முதல் 4 வரைதான். கீறிப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் மதிப்பு குறையும். நகைக்கடைக்காரரின் 10 மடங்கு லென்ஸ் போதும். எங்கள் ஆற்றங்கரையில் உதிர்ந்து கிடக்கும் கடம்பம்பூவைப் போல, ஒரே மையத்திலிருந்து மெல்லிய ஊசிகள் நாலாபுறமும் விரிந்திருந்தால் நல்ல அறிகுறி. நீலத்தைத் தருவது வனேடியம்.

பொதிகையும் அதே மேற்குத் தொடர்ச்சி மலைதானே, இங்கே கிடைக்காதா என்றும் கேட்டிருக்கிறார். கிடைக்காது. புனேப் பக்கத்து மலை, சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு. அது இறுகியபோது உள்ளே நின்ற வாயுக்குமிழிகளிலும் விரிசல்களிலும் வெந்நீர் புகுந்து இந்தப் படிகங்களை வளர்த்தது. பொதிகையோ அதைவிடப் பன்மடங்கு பழையது. பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய சார்னோக்கைட், நைஸ் என்னும் பாறைகள். அதில் அப்படிப்பட்ட குமிழிகள் இல்லை.

என்னை மயக்குவது கேவன்சைட்டின் உடன்பிறப்பு பென்டகோனைட். இரண்டையும் 1973-இல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்துக் கற்களிலிருந்து விவரித்தார்கள். வேதிக் கூட்டுப்பொருள் ஒன்றே, அணுக்களின் அடுக்கு மட்டும் வேறு. படிகத்துக்கு ஐந்துமடிச் சமச்சீர் வராது என்று பள்ளியில் படித்திருப்போம். பென்டகோனைட்டை நுனியில் பார்த்தால் ஐந்துமுனை நட்சத்திரம்! விதி உடையவில்லை, பல படிகங்கள் ஒன்றோடொன்று கோணம் வைத்து ஒட்டி வளர்ந்ததால் வந்த வடிவம் அது. வாகோலியில் இரண்டும் கிடைக்கின்றன.

விலையை முடிவு செய்வது நிறம், உருண்டையின் அளவு, உடையாத ஊசிகள், அடியில் இருக்கும் வெள்ளைப் படிகம். உதிர்ந்த உருண்டையைப் பசையால் ஒட்டி விற்பவர்களும் உண்டு. அடிப்பாகத்தில் பளபளப்பாக ஏதாவது தெரிகிறதா பாருங்கள். ராசிக்கல் என்று மோதிரத்தில் பதிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். காற்றிலுள்ள மணல்தூசியே இதைத் தேய்த்துவிடும். ஜல்லிக்காகக் கல் உடைக்கும் இடத்தில் யாரோ கண்டு ஒதுக்கிவைத்ததால்தான் இது கிரஷருக்குப் போகாமல் தப்பியிருக்கிறது. சுத்தம் செய்கிறேன் என்று அதை அமிலத்தில் கழுவி வீணாக்குவது எனக்குப் பொறுக்காது. வாகோலி, வாங்கிய ஆண்டு, விற்றவர் பெயர் மூன்றையும் சீட்டில் எழுதிக் கல்லோடு வையுங்கள். சேகரிப்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.