லேப்டாப் பேட்டரி வாங்கும் முன் ஒரு பெருக்கல் கணக்கு

லேப்டாப் வாங்கி மூன்று நான்கு வருஷம் ஆனதும் அது மேசையை விட்டு நகராத பொருளாகிவிடுகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. திரை, கீபோர்டு, வேகம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். பேட்டரியை மட்டும் மாற்றினால் இன்னும் சில வருஷம் ஓடும். ஆனால் விசாரிக்கப் போனால், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் பேட்டரிக்கு ஒருவர் சொல்லும் விலை இன்னொருவர் சொல்வதைப் போல மூன்று மடங்கு. எதை நம்பி வாங்குவது? அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், பழுது பேட்டரியில்தானா என்று உறுதி செய்துகொள்வோம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் ‘பவர்சிஎஃப்ஜி’, ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி ‘பேட்டரிரிப்போர்ட்’ என்று தட்டினால் ஓர் அறிக்கை உருவாகும். அதில் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். ‘டிசைன் கெப்பாசிட்டி’ என்பது பேட்டரி புதிதாக இருந்தபோது பிடித்த சார்ஜ். ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ என்பது இன்று பிடிக்கும் சார்ஜ். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. இரண்டும் நெருக்கமாக இருந்தால், பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு மென்பொருள் சார்ஜைத் தின்கிறது என்று சந்தேகிக்கலாம்.

பேட்டரி என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு பொட்டலம். உள்ளே மூன்று, நான்கு அல்லது ஆறு லித்தியம் அயான் செல்கள் இருக்கும். பழைய மாடல்களில் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட உருளைச் செல்கள். அந்த அளவை வைத்தே அதற்கு 18650 என்று பெயர். இப்போதைய மெல்லிய லேப்டாப்களில் தட்டையான பை போன்ற செல்கள். இவற்றோடு ஒரு சின்ன சர்க்யூட் போர்டும் உண்டு. எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று லேப்டாப்புக்குச் சொல்வதும், மிதமிஞ்சிச் சார்ஜ் ஏறாமல் தடுப்பதும் அதன் வேலை. மலிவு பேட்டரியில் ஆட்கள் கை வைக்கும் இடங்கள் இந்த இரண்டுதான்: செல்லின் தரம், போர்டின் தரம்.

இப்போது எல்லோரும் தடுமாறும் இடத்துக்கு வருவோம். கடையிலும் விளம்பரத்திலும் பெரிதாக அச்சிட்டிருப்பது எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர்-மணி) எண். எண் பெரிதானால் பேட்டரியும் பெரிது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அப்படியென்றால் ஒரு விஷயம் இடிக்கும். கையில் இருக்கும் செல்போன் பேட்டரி 5000 எம்ஏஹெச். லேப்டாப் பேட்டரியில் 3600 என்று போட்டிருக்கிறது. போனை விட லேப்டாப் பேட்டரி சின்னதா?

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்வோம். கீழே ஒரு சக்கரத்தை அந்தத் தண்ணீர் எவ்வளவு நேரம் சுற்றும் என்பது தொட்டியில் எத்தனை லிட்டர் என்பதை மட்டும் பொறுத்ததல்ல. தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. எம்ஏஹெச் என்பது லிட்டர் கணக்கு. வோல்ட் என்பது உயரம். இரண்டையும் பெருக்கினால்தான் உண்மையான இருப்பு தெரியும். அதன் பெயர் வாட்-மணி. லேபிளில் டபிள்யூஹெச் என்று சின்ன எழுத்தில் இருக்கும்.

போன் செல் 3.85 வோல்ட். 5000 எம்ஏஹெச் என்றால் 5 ஆம்பியர்-மணி, பெருக்கினால் 19.25 வாட்-மணி. லேப்டாப் பேட்டரி 11.55 வோல்ட், 3.6-ஆல் பெருக்கினால் 41.58 வாட்-மணி. இரண்டு மடங்குக்கும் மேல்! இன்னொன்றையும் போட்டுப் பார்ப்போம். ஆறு செல் வைத்த 11.1 வோல்ட், 4400 எம்ஏஹெச் பேட்டரி ஒன்று. நான்கு செல் வைத்த 14.8 வோல்ட், 3300 எம்ஏஹெச் பேட்டரி ஒன்று. இரண்டுக்கும் விடை 48.84 வாட்-மணிதான். ஆகவே விலையை ஒப்பிடும்போது வாட்-மணியை மட்டுமே வைத்து ஒப்பிட வேண்டும். லேப்டாப் மணிக்குப் பத்து வாட்-மணி செலவழித்தால் 42 வாட்-மணி பேட்டரி நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும் என்று ஓட்ட நேரத்தையும் இதிலிருந்தே கணக்கிடலாம்.

இந்தப் பெருக்கல் பொய்யையும் காட்டிக்கொடுக்கும். லேபிளில் உள்ள மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று ஒத்துவராவிட்டால் அந்தப் பேட்டரியை அங்கேயே வைத்துவிடலாம். 18650 செல்லில் சந்தையில் பரவலாகக் கிடைக்கும் உயர்ந்த தரமே ஏறத்தாழ 3500 எம்ஏஹெச். 11.1 வோல்ட், ஆறு செல் பேட்டரியில் செல்கள் இரண்டிரண்டாக இணைந்திருக்கும். அதனால் ஏறத்தாழ 7000-தான் உச்சம். ஆறு செல்லில் 9000 என்று ஒருவர் விற்றால் அது நடக்காத காரியம். எடையும் பேசும். இப்படி ஒரு செல் சுமார் 45 கிராம். ஆறு செல் மட்டுமே 270 கிராம் வரும். பழையதை விடப் புதியது கணிசமாக லேசாக இருந்தால் உள்ளே ஏதோ குறைகிறது.

அடுத்து, ‘ஒரிஜினல்’ என்ற சொல். லித்தியம் செல் சும்மா பெட்டியில் கிடந்தாலும் வயதாகிக்கொண்டே இருக்கும். வெயில் காலத்து கோடவுனில் இன்னும் வேகமாக. ஆகவே ஐந்து வருஷத்துக்கு முன் தயாரான ஒரிஜினலை விட, சென்ற ஆறு மாதத்துக்குள் தயாரான நல்ல வேற்றுக் கம்பெனிப் பேட்டரி மேல். கம்பெனி சர்வீஸ் சென்டரில் புதிதாகத் தயாரானது கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. இல்லாவிட்டால் தயாரிப்பு மாதத்தைக் கேட்டு, லேபிளில் பார்த்து வாங்க வேண்டும்.

லேப்டாப் மாடல் பெயரைச் சொல்லி வாங்குவதும் சரிப்படாது. ஒரே மாடலில் இருவேறு பேட்டரிகள் வருவதுண்டு. பழைய பேட்டரியைக் கழற்றி அதன் மேல் உள்ள பார்ட் நம்பரைப் போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. ஹெச்பியில் ஹெச்டி03எக்ஸ்எல் என்பது போல ஒரு குறியீடு இருக்கும். வோல்டேஜில் 10.8-உம் 11.1-உம் ஒன்றுதான், தொடராக இணைந்த மூன்று செல்லின் வோல்டேஜையே இருவிதமாக எழுதுகிறார்கள். 11.1-க்குப் பதில் 14.8 வாங்கக் கூடாது. இந்தியாவில் விற்கும் பேட்டரியில் ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்று தொடங்கும், இந்திய தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைக் கொடுத்தால் அது யாருக்கு வழங்கியது என்று தெரிந்துவிடும்.

‘பழைய பேட்டரியிலேயே செல் மாற்றித் தருகிறோம்’ என்பவர்களும் உண்டு. புதுச் செல் போட்டு, ஸ்பாட் வெல்டிங் செய்து, போர்டையும் சரிபார்த்துத் தரும் தேர்ந்த கை கிடைத்தால் நல்லதுதான். ஆனால் உடைத்த பேட்டரிகளிலிருந்து எடுத்த செல்லா, புதிதா என்பது ஒட்டி மூடிய பிறகு நமக்குத் தெரியாது. அதனால் பிரித்துப் போடுவதைக் கண்ணால் பார்க்க விடுபவரிடம் மட்டும் கொடுக்கலாம்.

வாங்கியதும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிட வேண்டும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, முன்பு பார்த்த அறிக்கையை மறுபடி எடுப்போம். சைக்கிள் கவுண்ட், அதாவது எத்தனை முறை சார்ஜ் ஏறி இறங்கியது என்ற எண்ணிக்கை, நூற்றுக்கணக்கில் காட்டினால் அது பழைய சரக்கு. ஆனால் அறிக்கையில் வருவது போர்டில் எழுதி வைத்ததுதான். அதையும் மாற்றி எழுத முடியும். ஆகவே திரை வெளிச்சத்தை நடுவில் வைத்து ஒரு வீடியோவை ஓடவிட்டு, அணையும் வரை நேரம் பார்க்க வேண்டும். நாற்பது சதவீதத்தில் திடீரென்று அணைந்தால் ஒரு செல் சோடை.

கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். அது உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு சேகரிப்பவரிடமோ கொடுத்துவிடலாம். புதியதைப் போட்ட அன்றே, லேப்டாப் கம்பெனியின் செட்டிங்கில் எண்பது சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் அதை ஆன் செய்துவிட வேண்டும். நாள் முழுக்க சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்பில், பேட்டரியின் ஆயுளை நீட்டிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.