இலையுதிர் காலத்து நட்சத்திரங்கள்

பூக்கடையில் 'ஆஸ்டர்' என்று ஊதாவும் வெள்ளையுமாகக் குவித்து வைத்திருப்பார்களே, பார்த்திருப்பீர்கள். அது சீனத்து ஆஸ்டர்; ஒரு பருவம் பூத்துவிட்டுப் போய்விடும். இங்கே நான் சொல்ல வந்தது அதன் ஒன்றுவிட்ட அக்காளைப் பற்றி. ஆள் உயரம் வளருவாள். குளிரில் மடிந்து, வசந்தத்தில் அதே வேரிலிருந்து மறுபடி தலை தூக்குவாள். பிறந்த வீடு வட அமெரிக்கா. புகுந்த வீடு இங்கிலாந்து.

இங்கிலாந்தில் இவளை 'மைக்கேல்மஸ் டெய்ஸி' என்பார்கள். செப்டம்பர் 29-ல் வரும் புனித மைக்கேல் திருநாளை ஒட்டிப் பூப்பதால் அந்தப் பெயர். தோட்டத்தில் மற்றச் செடிகள் ஓய்ந்துபோகும் நேரத்தில் இவளுக்கு மட்டும் என்ன உற்சாகம் என்கிறீர்களா? பகல் குறையக் குறையத்தான் இவள் மொட்டு விடுவாள்!

பெண்ணோ பிள்ளையோ அந்தச் சீமைகளில் குடித்தனம் செய்தால் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மே மாதக் கடைசியில் செடி தளதளவென்று நிற்கும். அப்போது கத்தரியை எடுத்து, மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட வேண்டும். மனம் வராதுதான். ஆனால் வெட்டாத செடி ஐந்தடி, ஆறடி வளர்ந்து, பூக்கிற சமயத்தில் ஒரு மழைக்காற்றுக்கே சாய்ந்துவிடும். வெட்டிய செடி பக்கக் கிளை விட்டுக் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். பூ சில நாள் பிந்தும், அவ்வளவுதான். அடியிலைகள் காய்ந்து கால் தெரியும். முன்னால் குட்டைச் செடிகளை வைத்து மறைத்துவிடலாம்.

நிறத்தில் மயங்கி நியூயார்க் ஆஸ்டரை வாங்கினால் சாம்பல் நோய் வந்து சேரும். மால்வர்ன் குன்றடியில் உள்ள கோல்வால் கிராமத்தில் 1906-ல் நாற்றுப்பண்ணை தொடங்கிய எர்னஸ்ட் பாலார்டு, இந்த இனத்தில்தான் எத்தனையோ புது வகைகளை உண்டாக்கினார். பிற்பாடு நோய்க்கு அஞ்சிப் பலர் அதைக் கைவிட்டார்கள். நியூ இங்கிலாந்து ஆஸ்டரை இந்த நோய் அவ்வளவாக அண்டாது. ஆனால் அவளுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு: பொழுது சாய்ந்தால் இதழை மூடிக்கொள்வாள், ஜாடியில் வைத்தாலும் அப்படித்தான். அழகை வாசலில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்!

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வசந்தத்தில் தூரைப் பிரித்து, ஓரத்து முளைகளை மட்டும் நட்டு, நடுவில் கட்டையாகிப் போனதை எறிந்துவிட வேண்டும்.

அமெரிக்காவில் பலர் ஜூலை 4-ந் தேதி, அதாவது அவர்களுடைய சுதந்திர தினத்துக்குப் பிறகு கத்தரியைத் தொடமாட்டார்கள். தொட்டால் பூ மிகவும் பிந்திவிடும், உறைபனி முந்திக்கொள்ளும். நஷ்டம் வீட்டுக்காரிக்கு மட்டுமல்ல. செப்டம்பரிலும் அக்டோபரிலும் 'மோனார்க்' வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங் கூட்டமாக மெக்ஸிகோவின் மலைக்காடுகளை நோக்கிப் பறந்துகொண்டிருக்கும். குளிர்காலம் முழுவதையும் தாக்குப் பிடிக்க, அவை வழியிலேயே தேனைக் குடித்து உடம்பில் கொழுப்பாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சமயத்தில் வழியில் தேனோடு காத்திருக்கும் சில பூக்களில் இவளும் ஒருத்தி.