காற்றை அளந்து சமைக்கும் அடுப்பு

கரியில் கோழி சுடுவது நமக்குத் தெரிந்த வேலை. கங்குக்கு நேர்மேலே கம்பிவலை, அதன்மேல் மசாலா தடவிய கோழி, பக்கத்தில் விசிறியோடு ஒருவர். கொழுப்பு சொட்டச் சொட்டத் தீ எழும்பும். வெளியே கருகுவதற்குள் உள்ளே வெந்தாக வேண்டும். கரி ஸ்மோக்கர் இதற்கு நேர்மாறானது. அதில் தீ கோழியைத் தொடுவதே இல்லை. சூடேறிய காற்றும் புகையும்தான் சமைக்கின்றன.

அமெரிக்க வீடுகளின் கொல்லைப்புறத்தில் பரவலாகக் காணப்படுவது, துப்பாக்கித் தோட்டா வடிவில் நிற்கும் உருளை ஸ்மோக்கர். வெபர் நிறுவனம் 1981இல் கொண்டுவந்த ‘ஸ்மோக்கி மவுன்டன்’ இந்த வகையில் பெயர்பெற்றது. அடியில் கரி, நடுவில் தண்ணீர்த் தட்டு, அதற்குமேல் இறைச்சி வைக்கும் கம்பித்தட்டுகள், உச்சியில் கவிந்த மூடி. கீழே காற்று நுழையச் சில துளைகள், மூடியில் புகை வெளியேற ஒரு துளை. துளைகளைத் திறந்து மூடும் தகடுகள்தான் இந்த இயந்திரத்தின் திருகு, விசை எல்லாம்.

கரி எவ்வளவு வேகமாக எரியும் என்பதை அதற்குக் கிடைக்கும் ஆக்சிஜனே தீர்மானிக்கிறது. எனவே மேல்துளையை முழுக்கத் திறந்துவிட்டு, கீழ்த்துளைகளை மட்டும் கூட்டிக் குறைக்க வேண்டும். மேலே அடைத்தால் புகை உள்ளேயே தேங்கி இறைச்சி கசக்கும். தகட்டை ஒரு முறை நகர்த்தினால் அதன் விளைவு தெரியப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அதுவரை பொறுக்காமல் மறுபடி மறுபடி நகர்த்துவதுதான் முதல்முறை சமைப்பவர்கள் வெப்பத்தைக் கோட்டைவிடும் இடம். மூடியைத் திறந்து பார்ப்பதும் அப்படியே. சூடு வெளியேறுவதோடு, உள்ளே பாயும் காற்றில் கரி கனன்று, மூடிய பிறகு வெப்பம் எகிறும். தண்ணீர்த் தட்டு இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்கிறது. கங்கின் நேரடி அனலையும் மறைக்கிறது.

கரியைப் பற்றவைக்கவும் ஒரு முறை உண்டு. கூடை நிறையப் பற்றாத கரியைப் பரப்பி, நன்றாகப் பிடித்த கங்குகளைக் கொஞ்சமாக அதன்மேல் வைப்பார்கள். நெருப்பு மேலிருந்து மெல்லக் கீழிறங்கும். பார்பிக்யூ போட்டிகளில் சமைத்த ஜிம் மினியன் என்பவரால் பரவிய முறை இது. மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம், அதன் வாடை இறைச்சியில் ஏறிவிடும்.

புகை மணம் கரியிலிருந்து வருவதில்லை. காற்றுப் புகாமல் விறகைச் சுட்டுக் கரியாக்கும்போதே மணம் தரும் பொருள்கள் பெரும்பாலும் வெளியேறிவிடுகின்றன, எஞ்சுவது கார்பன். அதனால் மணத்துக்கென்று இரண்டு மூன்று காய்ந்த விறகுத் துண்டுகளைக் கங்கின்மேல் வைக்க வேண்டும். விறகிலுள்ள லிக்னின் சிதையும்போது பிறக்கும் குவாயகால், சிரிங்கால் ஆகியவையே நாம் ‘புகை வாசம்’ என்று சொல்வதன் முக்கியப் பகுதி. அமெரிக்கர்கள் கோழிக்கு ஆப்பிள், செர்ரி போன்ற பழமரங்களை விரும்புகிறார்கள். டெக்சாஸில் புகழ்பெற்ற மெஸ்கீட் விறகின் புகை காட்டமானது, கோழிக்குக் கொஞ்சம் போதும். நம் சீமைக் கருவேலம் அந்த மெஸ்கீட்டின் நெருங்கிய உறவு. ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டுச் சுடும் கரியில் பெரும்பகுதி அந்த மரத்தினுடையதுதான். பிசின் வடியும் பைன் மரமும், பெயின்ட் அடித்த பலகையும் கூடவே கூடாது. மூடித்துளையில் வெள்ளையாக, அடர்த்தியாகப் புகை வந்துகொண்டிருக்கும்போது கோழியை உள்ளே வைக்காதீர்கள். புகை மெலிந்து இளநீலமாக மாற வேண்டும்.

அடுத்தது வெப்பநிலை. பன்றித் தோள், மாட்டு நெஞ்சுக்கறி ஆகியவற்றை 107 முதல் 121 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வேகவைப்பது அமெரிக்க வழக்கம். அவற்றில் கொலாஜன் அதிகம். அது கரைய அத்தனை நேரம் வேண்டும். கோழிக்கு அந்த அளவு பொருந்தாது. இளம் பிராய்லர் கோழியின் கறி இயல்பிலேயே மென்மையானது. குறைந்த சூட்டில் அதன் தோலடிக் கொழுப்பு உருகாது, தோலும் காயாது; கடித்தால் ரப்பர். 135 முதல் 165 டிகிரி வரைதான் கோழிக்கு ஏற்றது. 150 டிகிரியில் எலும்போடு கூடிய தொடைத் துண்டுகள் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வெந்துவிடும். கடைக்காரர் வழக்கம்போலத் தோலை உரிக்கும் முன் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள்.

ஊறவைக்கும் மசாலாவில் உப்புதான் உள்வரை போகிறது. அது புரதங்களைத் தளர்த்தி, வேகும்போது நீர் வெளியேறாமல் பிடித்துவைக்கிறது. மிளகாய், பூண்டு, இஞ்சி எல்லாம் எத்தனை நேரம் ஊறினாலும் மேற்பரப்பில் சில மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. ஆகவே தடிமனான துண்டுகளைக் கீறிவிடுவது நல்லது. எலுமிச்சையில் வெகுநேரம் ஊறினால் மேற்சதை குழைந்துபோகும். தேனும் சர்க்கரையும் இந்தச் சூட்டில் கருகக்கூடும். கடைசிப் பதினைந்து நிமிடத்தில் பூசினால் போதும். தயிர் மசாலா அப்பியிருந்தால் வழித்துவிடுங்கள், இல்லையென்றால் தோல் மொறுமொறுப்பாகாது. குளிர்ந்த, லேசாக ஈரமான பரப்பில் புகை நன்றாகப் படியும். அதனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஸ்மோக்கரில் வைக்கலாம்.

ஊறவைத்த கோழியும் புகையும் சேர்ந்த சமையலில் எனக்கு ஜமைக்காவின் ஜெர்க் கோழிதான் முதலிடம். ஆல்ஸ்பைஸ், ஸ்காட்ச் பானெட் மிளகாய், தைம் சேர்த்து ஊறவைத்து, ஆல்ஸ்பைஸ் காய்க்கும் அதே பிமென்டோ மரத்தின் புகையில் வேகவைப்பார்கள். தெருக்கடைகளில் எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்கே வெட்டிச் செய்த மூடியுள்ள அடுப்புதான் ஸ்மோக்கர். மசாலாவும் விறகும் ஒரே மரத்திலிருந்து வருவது வேறெங்கும் எளிதில் வாய்க்காத பொருத்தம்.

வெந்ததா என்பதை நிறத்தை வைத்து முடிவுசெய்யக் கூடாது. புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் தசையின் மயோகுளோபினோடு சேர்ந்து இளஞ்சிவப்பை நிலைநிறுத்திவிடும்; முழுக்க வெந்த கோழியும் தோலுக்கடியில் சிவந்திருக்கும். முனை கூரான இறைச்சி வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தடிமனான இடத்தில், எலும்பில் படாமல் செருகிப் பாருங்கள். 74 டிகிரி காட்டினால் கோழி பாதுகாப்பானது என்கிறது அமெரிக்க வேளாண் துறை. நெஞ்சுக்கறியை அதோடு எடுத்துவிட வேண்டும். தொடைக்கறியை 80, 85 வரை விட்டால் நரம்பும் சவ்வும் இளகி இன்னும் சுவைக்கும். பச்சைக் கோழி ஊறிய மசாலா நீரைக் கொதிக்க வைக்காமல் மேலே பூசாதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள்: ஸ்மோக்கரைத் திறந்தவெளியில் மட்டுமே பற்றவையுங்கள். எரியும் கரி வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. ஜன்னல் திறந்திருக்கும் அறையிலும் அது உயிரைக் குடிக்கும். சமையல் முடிந்ததும் எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டால் காற்றின்றிக் கங்கு அணையும். சாம்பலை மறுநாள் தொட்டுப் பார்த்து, முழுக்க ஆறிய பிறகே கொட்டுங்கள்.