பழைய வர்ணமும் ஈயத் தூசியும்

தொழிற்சாலைகள் பெருகியுள்ள ஒரகடம் வட்டாரத்தில், சேரப்பணஞ்சேரி போன்ற ஊர்களிலும் மின்சாரத் தேய்ப்புக் கருவி புதுமையன்று. பள்ளியின் இரும்புக் கதவு, நீர்த்தொட்டி ஏணி, கலப்பை முதலியவற்றின் பழைய வர்ணத்தை அது விரைவில் அகற்றும். ஆயினும், எழும் தூசி எத்தகையது என்பதை அறிந்தே பணியைத் தொடங்குதல் வேண்டும்.

பழைய வர்ணங்களிலும், துருவைத் தடுக்க அடியில் பூசிய செந்நிறப் பூச்சிலும் ஈயம் கலந்திருப்பதுண்டு. வீட்டு வர்ணங்களிலும் அலங்கார வர்ணங்களிலும் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தலாகாது என்னும் மத்திய அரசின் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். தீங்கற்றதெனக் கூறத்தக்க அளவு எதுவும் இல்லை.

ஆதலின், ஐயத்திற்குரிய வர்ணத்தை நீரால் நனைத்து, உப்புத்தாள் கொண்டு கையால் தேய்ப்பதே நன்று. மின்கருவியுடன் நீரைச் சேர்த்தல் ஆபத்து. கருவி இன்றியமையாததாயின், நுண்தூசியைப் பிடிக்கும் வடிகட்டியுள்ள உறிஞ்சி அதனுடன் இணைந்திருத்தல் வேண்டும். முகத்தில் துண்டு கட்டுவது போதாது. நுண்தூசிக்குரிய முகமூடி தேவை. வர்ணத்தைத் தீயால் எரித்து அகற்றுதல் கூடாது. ஈயப் புகை எழும்.

பள்ளிப் பணியை விடுமுறையிலேயே நடத்துக. கீழே விரிப்பு இட்டு, உதிர்ந்தவற்றைச் சேர்த்துக் கட்டுக. கிணற்றடியிலும் வயலிலும் கொட்டற்க. உலர்ந்த இரும்பிற்கு அன்றே அடிப்பூச்சு இடுக. இந்நிபந்தனைகளை ஊராட்சியின் பணி ஆணையிலேயே எழுதிவிடுதல் உறுப்பினர்களின் கடமையாகும்.