பிள்ளை வாய் திறக்கும்போது

காணியை விட்டு வந்தோம். காதில், கழுத்தில் கிடந்ததை ஈடு வைத்தோம். ஆனாலும் பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினோம். இடம்பெயர்ந்த எமது குடும்பங்கள் பலவற்றின் கதை இது. ஆகவே, விடுமுறைக்கு வந்த மகள் சாப்பிடாமல், பேசாமல், "இனி நான் போகவில்லை" என்று மூலையில் இருந்தால், "இவ்வளவு செலவழித்தது இதற்காகவா?" என்று கேட்டுவிடுகிறோம். அந்தக் கேள்வியோடு பிள்ளையின் வாய் அடைபட்டுப்போகிறது.

பல்கலைக்கழகத்தில் பிள்ளைக்குப் பாலியல் வன்முறை நேர்ந்தால் என்ன செய்வது என்பதை நாம் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

எவை குற்றம்?

இது புதிய பிரச்சினை அல்ல. 1975இல் பேராதனையில் விவசாயபீட மாணவி ஒருவர் பகிடிவதைக்குத் தப்ப விடுதி மாடியிலிருந்து குதித்து, நடக்கும் சக்தியை இழந்தார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. பகிடிவதையின்போது பாலியல் தொல்லை கொடுத்தால் 10 ஆண்டு வரை சிறை விதிக்கலாம்.

பகிடிவதைக்குப் புறம்பாகவும் சட்டம் உண்டு. தண்டனைச் சட்டக்கோவை 1995இல் திருத்தப்பட்டது. அதன்படி சொல்லாலோ செயலாலோ பாலியல் தொல்லை கொடுப்பவருக்கு 5 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். புள்ளியைக் காட்டி மாணவியை வற்புறுத்தும் விரிவுரையாளரும் இதில் அடங்குவார். பாலியல் வல்லுறவுக்கு 7 முதல் 20 ஆண்டு வரை கடூழியச் சிறை என்று சட்டம் கூறுகிறது. செய்தவர் காதலன் என்பதால் குற்றம் குற்றமல்லாமல் போவதில்லை. ஆண் பிள்ளைகளுக்கும் இத்தகைய கொடுமைகள் நேர்கின்றன. அவையும் பாரதூரமான குற்றங்களே.

முதல் மூன்று நாட்கள்

வல்லுறவு நடந்திருந்தால் உடனடியாக அரச வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். பொலிஸில் எழுதிய பிறகுதான் வைத்தியம் என்று காத்திருக்க வேண்டாம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் மாத்திரையும் எவ்வளவு விரைவாக எடுக்கப்படுகிறதோ அவ்வளவுக்குப் பயன் தரும்.

குளிக்கவும் உடுப்பைத் தோய்க்கவும் மனம் அவதிப்படும். ஆயினும், முடிந்தால் பரிசோதனை முடியும்வரை பொறுத்திருப்பது நல்லது. அன்று உடுத்திருந்தவற்றைப் பொலித்தீன் பையில் அல்லாமல் கடதாசிப் பையில் வைக்க வேண்டும். பொலித்தீனில் ஈரம் தங்கித் தடயம் பழுதாகிவிடும். நீதிமன்றத்துக்கான பரிசோதனையைச் சட்ட வைத்திய அதிகாரி செய்வார். தொலைபேசிச் செய்திகளை அழிக்கக் கூடாது. குளித்துவிட்டாலோ நாள் கடந்துவிட்டாலோ எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். அப்போதும் சிகிச்சை பெறலாம், முறையிடலாம்.

எந்தக் கதவைத் தட்டுவது?

பல்கலைக்கழகத்துக்குள் மாணவர் ஆலோசகர், விடுதிக் காப்பாளர், துணைவேந்தர் ஆகியோரிடம் முறையிடலாம். அங்கே நீதி கிடைக்காவிட்டால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் போகலாம். பல்கலைக்கழக விசாரணை ஒழுக்காற்று நடவடிக்கைக்கானது. குற்றத்துக்குத் தண்டனை பெற வேண்டுமானால் பொலிஸில் முறையிட வேண்டும். ஒன்றைச் செய்தால் மற்றதைச் செய்ய முடியாது என்றில்லை.

பொலிஸில் சிறுவர், மகளிர் பிரிவைக் கேளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு. விளங்காத மொழியில் எழுதியதில் அவர் கையொப்பம் இடக்கூடாது. வாசித்து விளக்கும்படி கேட்க வேண்டும். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பல அரச வைத்தியசாலைகளில் உள்ள 'நட்பு நிலையம்' மனத்துயருக்கு ஆறுதலும் ஆலோசனையும் தரும். பெண்களுக்கான அரச உதவித் தொலைபேசி இலக்கம் 1938. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் இலவச உதவியைக் கேட்கலாம்.

ஊர் என்ன சொல்லும்?

பெற்றோரை அதிகம் தடுப்பது இந்தப் பயம்தான். பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விடயங்களைப் பகிரங்கப்படுத்துவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாகும். முறையிட்டவரை மிரட்டுவதும் குற்றம். பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதும் உண்மை. இதை மறைத்து நாம் எவருக்கும் நம்பிக்கை ஊட்ட விரும்பவில்லை. பிள்ளை அந்த நீண்ட வழியில் நடக்க வேண்டுமானால் வீடு அவர் பக்கம் நிற்க வேண்டும்.

18 வயது கடந்த பிள்ளையானால் முறையிடுவதா இல்லையா என்பது அவருடைய தீர்மானம். "வழக்குப் போடு" என்று தள்ளுவதும் "வாயை மூடு" என்று அடக்குவதும் ஒரே பிழைதான். செய்தவனுக்கே கட்டிவைத்து மானத்தைக் காப்போம் என்று பேசுவது பிள்ளைக்கு இரண்டாவது கொடுமை. படிப்பை நிறுத்தி வீட்டுக்கு அழைப்பதும் குற்றம் செய்தவனை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தண்டிப்பதாகும்.

"ஏன் அங்கே போனாய்?", "ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை?" என்ற கேள்விகளைத் தவிர்ப்போம். "நான் உன்னை நம்புகிறேன். பிழை உன்னுடையதல்ல. என்ன செய்வதென்று நீ சொல், நாங்கள் கூட வருகிறோம்" என்போம். எழுத வாசிக்கத் தெரியாத தாயாலும் இதைச் சொல்ல முடியும். பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறும் முன்னரே சொல்லிவைப்போம்: "எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல்லு. நாங்கள் ஏச மாட்டோம்."