உங்களுக்குத் தெரியுமா? கப்பல் கட்டும் தளத்தின் வாசலில் ஒரு காப்பகம்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரக் கப்பல் தளங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வெல்டிங் வேலை உட்படப் பலவிதப் பணிகளில் சேர்ந்தார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத நாளில் அம்மாவால் வேலைக்கு வர முடியாது. கப்பல் வேலையும் தாமதமாகும். அதனால் தள அதிபர் ஹென்றி கைசரின் நிறுவனம் 1943-இல் இரண்டு தளங்களின் வாசலிலேயே குழந்தைகள் காப்பகங்களைத் திறந்தது.

ஒன்றரை வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அங்கே இடம். தளத்தில் இரவு ஷிஃப்டும் உண்டு என்பதால் காப்பகமும் 24 மணி நேரமும் இயங்கியது. அம்மா வேலை செய்யும் தளத்தைப் பிள்ளைகள் பார்க்கும்படி ஜன்னல்கள் வைத்தார்கள். லேசாக உடம்பு சரியில்லாத குழந்தையைக் கவனிக்கத் தனி அறை இருந்தது, நர்ஸும் இருந்தார்.

இதையெல்லாம்விட நம்மை அசத்துவது சாப்பாட்டு ஏற்பாடுதான். வேலை முடிந்து பிள்ளையை அழைத்துப் போகும்போதே, வீட்டுக்கான இரவுச் சாப்பாட்டையும் காசு கொடுத்துப் பார்சலாக வாங்கிக்கொள்ளலாம். இதை யோசித்தவர்களில் யாரோ ஒருவர் வேலைக்குப் போய்விட்டு வந்து அடுப்படியில் நின்றவராகத்தான் இருக்க வேண்டும்!

கைசரை வள்ளல் என்று நினைத்துவிட வேண்டாம். செலவின் பெரும்பகுதி, கப்பல் கட்டும் செலவோடு சேர்ந்து அரசாங்கக் கணக்கில்தான் போனது. 1945-இல் போர் முடிந்ததும் காப்பகங்களையும் மூடிவிட்டார்கள்.